வெஸ்நோத் விளையாடலாமா? சுங்கை சிப்புட் நண்பர்கள் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கணினி விளையாட்டு என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் கைப்பேசியில் ஓடும் சண்டையைத்தான் சொல்வார்கள். 'பேட்டில் ஃபார் வெஸ்நோத்' அந்த வகை இல்லை. நாங்கள் சிலர் வாரக் கடைசியில் மடிக்கணினியோடு உட்கார்ந்து இதை ஆடுவதைப் பார்த்துவிட்டு, கடைத்தெருவிலும் தோட்டத்திலும் பலர் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். இதில் எனக்குப் பிடிக்காதவையும் இருக்கின்றன, அவற்றையும் மறைக்கவில்லை.

இது என்ன விளையாட்டு?

அறுகோணக் கட்டங்களால் ஆன ஒரு வரைபடம். உங்களுக்கு ஒரு தலைவன், ஒரு கோட்டை, கொஞ்சம் பொன். பொன்னைக் கொடுத்து வீரர்களைச் சேர்க்கிறீர்கள், கிராமங்களைப் பிடிக்கிறீர்கள், எதிரியின் தலைவனை வீழ்த்துகிறீர்கள். உங்கள் டர்ன் (ஆடும் முறை) முடிந்த பிறகுதான் எதிரியின் டர்ன். அவசரமாக விரலை ஆட்டுகிறவனுக்கு இங்கே எந்த லாபமும் கிடையாது.

டேவிட் வைட் என்பவர் 2003-இல் இதைத் தொடங்கினார். 1.0 பதிப்பு 2005-இல் வந்தது. இன்றுவரை தன்னார்வலர்கள்தான் வளர்த்து வருகிறார்கள்.

நிஜமாகவே இலவசமா? பாதியில் காசு கேட்காதா?

கேட்காது. மூலநிரலே எல்லாருக்கும் திறந்திருக்கிற விளையாட்டு இது. வைரம் வாங்கு, பெட்டி திற, வீரனுக்கு உடை மாற்று என்கிற தொல்லை எதுவும் இல்லை. ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையிலும் இலவசம்தான். காசு உள்ளவனும் இல்லாதவனும் ஒரே படையோடுதான் நிற்கிறார்கள். பிள்ளை கைப்பேசி விளையாட்டுக்கு ரீலோட் காசைக் கரைக்கிறான் என்று புலம்பும் பெற்றோருக்கு இந்த ஒரு காரணமே போதும்.

தம்பி வைத்திருப்பது பழைய மடிக்கணினி. ஓடுமா?

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். படங்கள் எல்லாம் இரு பரிமாணம், அதனால் தனி கிராஃபிக்ஸ் அட்டை தேவையில்லை. பதிவிறக்கம் சில நூறு எம்பி இருக்கும், வைஃபை உள்ள இடத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கவனம்: சேர்ந்து ஆடுகிற எல்லாரும் ஒரே பதிப்பு வரிசையில் இருக்க வேண்டும். ஒருவர் 1.16, இன்னொருவர் 1.18 என்றால் ஒரே ஆட்டத்தில் சேர முடியாது. எங்கள் கூட்டத்தில் முதல் அரைமணி நேரம் பெரும்பாலும் இதிலேயே போகிறது.

கைப்பேசியில்?

இதுதான் பெரிய குறை. இந்த விளையாட்டு மேசைக் கணினிக்காகச் செய்யப்பட்டது. ஆண்ட்ராய்டுக்குச் சிலர் தாங்களாக மாற்றி அமைத்த பதிப்புகள் உண்டு, ஆனால் சின்னத் திரையில் அறுகோணத்தைத் தேடித் தட்டுவது கண்ணுக்கும் பொறுமைக்கும் சோதனை. வீட்டில் கைப்பேசி மட்டுமே உள்ள பிள்ளைக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அண்ணே, அடி படுமா படாதா என்பதே அதிர்ஷ்டம்தானே? அப்புறம் இதற்கும் தாயக்கட்டை உருட்டுவதற்கும் என்ன வித்தியாசம்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். தோற்றவன் கேட்பான், அதுவும் கோபமாக. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு அடிக்கும் கணினி தனியாகப் பகடை உருட்டுகிறது. அடி தப்பும் வாய்ப்பைப் பெரும்பாலும் முடிவு செய்வது அடி வாங்குகிறவன் நிற்கும் நிலம். சாதாரண மனிதக் காலாள் சமவெளியில் நின்றால் 40 விழுக்காடு தற்காப்பு, காட்டில் 50, மலையுச்சியிலும் கிராமத்திலும் 60, ஆழமில்லாத தண்ணீரில் வெறும் 20. ஆற்றில் இறங்கி நிற்கிறவனை எதிரி அடித்தால் நூற்றுக்கு எண்பது அடி படும். ஆற்றில் போய் நின்றுவிட்டு அதிர்ஷ்டத்தைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

மந்திரவாதியின் மந்திரத்துக்கு நிலம் ஒரு பொருட்டே இல்லை, எங்கே நின்றாலும் 70 விழுக்காடு படும். அவன் மூன்று முறை அடிப்பான். மூன்றும் தப்புவதற்கான வாய்ப்பு 2.7 விழுக்காடுதான். "இவ்வளவு சின்ன வாய்ப்பு எனக்கு மட்டும் எப்படி நடக்கிறது?" என்று கேட்பார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு நீண்ட ஆட்டத்தில் மந்திரவாதிகளை வைத்து 40 தடவை தாக்கினால், அவற்றில் ஒரு தடவையாவது மூன்றும் தப்புவதற்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. அது நடக்காமல் போனால்தான் ஆச்சரியப்பட வேண்டும். மூன்றும் படுவதற்கான வாய்ப்பும் 34.3 விழுக்காடுதான். நம் ஆள்கள் அதையே நிச்சயம் என்று எண்ணித் திட்டம் போடுகிறார்கள்.

தாக்குவதற்கு முன்பே, யார் எத்தனை உயிர்ப்புள்ளியோடு (அடி படப் படக் குறைவது, தீர்ந்தால் சாவு) மிஞ்சுவார் என்பதற்கான வாய்ப்புகளை விளையாட்டே கணக்கிட்டுக் காட்டும். ஆட்டத்தின் நடுவில் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்தால், எதிர்பார்த்த சேதம் எவ்வளவு, உண்மையில் நடந்தது எவ்வளவு என்றும் தெரியும். "எனக்கு லக்கே இல்லை" என்று கத்துகிறவனிடம் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். பல நேரம் அவனுக்குச் சராசரியைவிட நன்றாகவே பட்டிருக்கும்.

சரி, அதற்காக இந்தக் குறையே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். விளையாட்டின் ரசிகர்கள், "நூற்றுக்கணக்கான அடிகளில் எல்லாம் சமமாகிவிடும்" என்பார்கள். கூட்டுத்தொகை சமமாகலாம். ஆனால் அந்த நூற்றுக்கணக்கில் ஆட்டத்தைத் திருப்புவது மூன்று நான்கு அடிகள்தான்: தலைவனைக் கொல்லும் அடி, கோட்டை வாசலைத் திறக்கும் அடி. அந்த மூன்று நான்கு எந்தச் சராசரிக்கும் கட்டுப்படாது. சின்ன வரைபடத்தில் இரண்டு பேர் மட்டும் ஆடும்போது, மூன்றாவது டர்னிலேயே ஒருவனுக்கு இரண்டு வீரர்கள் போய்விட்டால், மீதி ஒரு மணி நேரம் வெறும் சடங்கு. சமமான திறமை உள்ள இருவர் மோதினால் நன்றாக ஆடியவன் தோற்பதும் நடக்கும். இதைப் பொறுக்க முடியாதவர்களுக்கு இந்த விளையாட்டு ஒத்துவராது. திறமை குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை, சிலரின் மனசு அப்படி.

புதிய பதிப்புகளில் ஆட்டம் தொடங்கும்போதே அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் ஒரு தேர்வு இருக்கிறது. புதியவர்களோடு ஆடும்போது நாங்கள் அதைப் போட்டுவிடுவோம். சண்டை குறைகிறது, திரையில் நடப்பதைச் சொல்லவில்லை.

பகல், இரவு என்று திரை நிறம் மாறுகிறதே, அழகுக்கா?

இல்லை. என்னைக் கேட்டால் இந்த விளையாட்டின் ஆகச் சிறந்த யோசனையே அதுதான். விடியல், காலை, பிற்பகல், அந்தி, முன்னிரவு, பின்னிரவு என்று ஆறு டர்னுக்கு ஒரு சுற்று. ஒழுங்கு சார்ந்த படைக்கு (மனிதர்கள் பெரும்பாலும் இதில்) காலையிலும் பிற்பகலிலும் 25 விழுக்காடு பலம் கூடும், இரவில் அதே அளவு குறையும். ஓர்க்குகள் (கதைகளில் வரும் அரக்க இனம்), பிணப்படை போன்ற இருள் சார்ந்தவர்களுக்கு நேர் எதிர். விடியலிலும் அந்தியிலும் இரு பக்கமும் சமம்.

எண்ணில் பார்த்தால் புரியும். ஈட்டிக்காரனின் ஒரு குத்து 7 சேதம், மூன்று குத்து. பகலில் அது 9 ஆகும், எல்லாம் பட்டால் 27. இரவில் 5 ஆகிவிடும், மொத்தம் 15. எதிரே நிற்கும் ஓர்க் அடியாளுக்கு ஒரு வெட்டு 9, இரண்டு வெட்டு. பகலில் 7, இரவில் 11. அதே இருவர், அதே இடம், பொழுது மட்டும்தான் வேறு.

இதனால் என்ன ஆகிறது? இருவரும் எந்நேரமும் முட்டிக்கொண்டு நிற்க முடியாது. பகலில் முன்னேறுகிறவன் அந்தி நெருங்கும்போது பின்வாங்கி மலையையோ கிராமத்தையோ பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டுக் கொடுத்துப் பின்னால் வருவதும் ஆட்டத்தின் ஒரு பகுதி. எங்கள் பையன்களில் முக்கால்வாசிப் பேர் தோற்பது இதில்தான். பிற்பகலில் நன்றாக அடித்துக்கொண்டிருப்பார்கள், "இன்னும் ஒரே ஒரு டர்ன்" என்று இருட்டுக்குள் நுழைவார்கள், பொழுது விடியும்போது பாதிப் படை இருக்காது. பகடையைத் திட்டும் பலருக்கு உண்மையான வில்லன் இந்தக் கடிகாரம்தான்.

எந்தப் படை பலமானது?

வழக்கமான ஆட்டத்தில் வரும் முக்கியப் பிரிவுகள்: லாயலிஸ்ட் மனிதர்கள், காட்டுவாசிகளான எல்ஃப்கள் இருக்கும் ரெபல், ஓர்க்குகளின் நார்தர்னர், பிணப்படை, குள்ளர்கள் இருக்கும் நால்கன், டிராகன் போலப் பறக்கும் டிரேக். ஒன்றுக்கொன்று ஒத்தே இருக்காது, ஆனாலும் எது ஒன்றும் மற்ற எல்லாவற்றையும் அடக்கிவிடாது. இவ்வளவு வேறுபாட்டை வைத்துக்கொண்டு சமநிலையைக் காப்பது லேசான வேலை இல்லை, அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

எலும்புக்கூடு வீரனிடம் ஈட்டிக்காரனை அனுப்பினால் 7 சேதம் 3 ஆகச் சுருங்கும். எலும்பை எங்கே குத்துவது? அங்கே தடியோ நெருப்போ வேண்டும், கனத்த கவசக்காரனோ மந்திரவாதியோ போக வேண்டும். அதே ஈட்டிக்காரன் டிரேக்குக்கு எமன். எல்ஃப் காட்டுக்குள் நின்றால் 60, 70 விழுக்காடு தற்காப்பு. அவனை வெளியே வரவைப்பதே ஒரு கலை.

புதியவருக்கு லாயலிஸ்ட் நல்லது. எல்லா வகை ஆயுதமும் ஓரளவு இருக்கிறது, பகலில் முன்னே, இரவில் பின்னே என்ற பாடமும் சீக்கிரம் பதியும். டிரேக்கை மட்டும் முதல் நாளே எடுக்காதீர்கள். பறக்கும் வேகம் ஆசை காட்டும், ஆனால் எந்த நிலத்திலும் அதற்குத் தற்காப்பு குறைவு, விலையும் அதிகம்.

ஒரு ஆட்டம் எவ்வளவு நேரம் எடுக்கும்?

இருவர் ஆடினால் ஒரு மணி முதல் இரண்டு மணி. நால்வர் என்றால் ஒரு மாலையே போகும். அதுவும் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நம் ஊர் வாழ்க்கைக்கு இது எங்கே இடிக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. ஒருவன் ஈப்போவில் தொழிற்சாலை ஷிப்டு முடித்து வருகிறான், அதே நேரம் இன்னொருவன் இரவு ஷிப்டுக்குக் கிளம்புகிறான். செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறவர் விடியற்காலையில் எழ வேண்டும், இரவு பத்து மணிக்கு மேல் அவரை எதிர்பார்க்க முடியாது. மழை பிடித்தால் லைன் தொங்கும். நீங்கள் இன்று ஒரு டர்ன், நான் நாளை ஒரு டர்ன் என்று நிதானமாக ஆடும் வசதி இந்த விளையாட்டில் இயல்பாக அமையவில்லை. இத்தனை வருடம் ஆகியும் இதைச் சரி செய்யாதது எனக்கு வருத்தம்தான்.

ஓரளவு சமாளிக்க வழிகள் உண்டு. ஒருவரின் இணைப்பு அறுந்தால் ஆட்டம் செத்துவிடாது: அந்தப் பக்கத்தைக் கணினியிடமோ வேறொருவரிடமோ ஒப்படைக்கலாம், இல்லை ஆட்டத்தைச் சேமித்து அடுத்த வாரம் அதே இடத்திலிருந்து தொடரலாம். டர்னுக்கு நேர வரம்பும் வைக்கலாம். ஒவ்வொரு நகர்வுக்கும் அரைமணி யோசிக்கும் அண்ணன் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார், அவருக்காகவே இந்த வசதி.

எங்கள் தோட்டத்தில் இணையம் மோசம். அப்போது?

இந்த இடத்தில் வெஸ்நோத் மற்ற பல விளையாட்டுகளை விட மேல். ஆட்டத்தில் படமோ காணொளியோ போவதில்லை, யார் எங்கே நகர்ந்தார் என்ற கட்டளை மட்டும் போகும், அதனால் டேட்டா மிகக் குறைவு. இணையமே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு, எல்லா மடிக்கணினியையும் அதில் இணைத்து, ஒரு கணினியே சர்வராக இருந்து ஆடலாம். ஒரே ஒரு கணினிதான் இருக்கிறதா? மாறி மாறி உட்கார்ந்து ஆடும் முறையும் இருக்கிறது. நாங்கள் அதிகம் ஆடுவது ஹாட்ஸ்பாட் வழிதான். எதிரி எதிர் மேசையில் இருந்தால் கத்துவதற்கும் வசதி.

துணைக்கு ஆள் இல்லை, கணினியோடு ஆடலாமா?

பழகுவதற்கு ஆடலாம். கணினி எதிரி முரட்டுத்தனமாக முன்னே வரும், பின்வாங்கத் தெரியாது, பொழுதைப் பெரிதாக மதிக்காது. நல்ல நிலத்தைப் பிடித்து நின்றால் அதுவே வந்து மோதிச் சாகும். கொஞ்ச நாளில் சலித்துவிடும்.

கதையாக வரும் போர்த்தொடர்கள் வேறு ரகம். 'தி சவுத் கார்ட்', 'எ டேல் ஆஃப் டூ பிரதர்ஸ்' இரண்டும் புதியவர்களுக்கானவை, 'ஏர் டு த த்ரோன்' நீளமானது. இவற்றில் ஒரு களத்தில் பிழைத்த வீரனை 20 பொன் கொடுத்து அடுத்த களத்துக்கு அழைக்கலாம். அனுபவம் சேரச் சேர அவன் பெரிய வீரனாக மாறுவான். அப்படி வளர்த்த ஒருவன் செத்தால் மனசு கேட்காது. உடனே பழைய சேமிப்பைத் திறந்து அந்த டர்னை மறுபடியும் ஆடத் தோன்றும். இது ஒரு பொறி. மறுபடி மறுபடி திறந்து நல்ல பகடை வரும்வரை ஆடிப் பழகியவன், மனிதனோடு மோதும்போது முதல் தப்பிய அடியிலேயே நொறுங்கிப் போகிறான். மறுபக்கம், சாகவிட்டுக்கொண்டே போனால் பின்வரும் களங்களில் அனுபவமுள்ள ஆள் இல்லாமல் மாட்டிக்கொள்வீர்கள். போர்த்தொடர்களின் அமைப்பிலேயே இந்தக் குறை இருக்கிறது: தோற்கிறவன் மேலும் பலவீனமாகிறான், ஜெயிக்கிறவனுக்கு மேலும் சுலபமாகிறது.

தம்பி, என் மகன் படிவம் நான்கு. இதை விளையாட விடலாமா?

அம்மா, ரத்தம் தெறிக்கும் காட்சி இல்லை, சின்னச் சின்ன வரைபட உருவங்கள்தான். பணம் வைத்து ஆடுவதும் இல்லை. பொதுச் சர்வரில் முன்பின் தெரியாதவர்களோடு அரட்டைப் பெட்டி இருக்கும், சிலர் மரியாதையாகப் பேச மாட்டார்கள். தெரிந்தவர்களோடு மட்டும் ஆடச் சொல்லுங்கள். கதைத்தொடர் ஆடினால் ஆங்கிலத்தில் நிறைய வாசிக்க வேண்டியிருக்கும், அதை லாபம் என்றே சொல்வேன். நேரம்தான் பிரச்சினை. "ஒரு ஆட்டம் முடித்துவிட்டு வருகிறேன்" என்றால் அது இரண்டு மணி நேரம் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.பி.எம். தேர்வு ஆண்டில் பள்ளி விடுமுறைக்கு மட்டும் ஒதுக்குவது நல்லது.

பள்ளிச் சதுரங்கத்தில் நன்றாக ஆடுகிறவன் இதிலும் ஜெயிப்பானா?

தொடக்கத்தில் திணறுவான். சதுரங்கத்தில் ஒரு நகர்வு சரி என்றால் சரிதான். இங்கே சரியான நகர்வும் தப்பலாம் என்பதால், அடுத்த திட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டே அடிக்க வேண்டும். யாரை முதலில் தாக்குவது என்ற வரிசை ரொம்ப முக்கியம்: எது நடந்தாலும் சமாளிக்கலாம் என்ற அடியை முதலில் செய்து, முடிவைப் பார்த்துவிட்டு மற்றவர்களை நகர்த்த வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால், சதுரங்கப் பிள்ளைகள் ரொம்ப வேகமாக முன்னேறுகிறார்கள்.

பொதுச் சர்வரில் போய் ஆடலாமா?

கணக்கு தொடங்குவது இலவசம். ஆள் எண்ணிக்கை பெரிய நிறுவனங்களின் விளையாட்டுகளைப் போல் இருக்காது. உங்கள் தரத்துக்கு ஏற்ற எதிரியைத் தானாகத் தேடித் தரும் ஏற்பாடும் இல்லை. அறைக்குள் நுழைந்தால் பத்து வருடம் ஆடிய ஆளிடம் போய் விழலாம், பதினைந்து நிமிடத்தில் கதை முடிந்துவிடும். முதலில் பார்வையாளராக நுழைந்து சில ஆட்டங்களைப் பாருங்கள். முடிந்த ஆட்டங்களின் பதிவையும் இறக்கி டர்ன் டர்னாக ஓட்டிப் பார்க்கலாம். நான் அதிகம் கற்றது அதில்தான்.

இவ்வளவு நேரம் எனக்கு இல்லை அண்ணே. இதே ரகத்தில் வேறு ஏதாவது?

ஷிப்டு வேலையும் கைப்பேசியும் மட்டும்தான் என்றால் 'பேட்டில் ஆஃப் பாலிடோபியா' பாருங்கள். ஸ்வீடனைச் சேர்ந்த மிட்ஜிவான் நிறுவனம் 2016-இல் வெளியிட்டது. சண்டையில் பகடையே கிடையாது: இன்னார் இன்னாரை அடித்தால் இவ்வளவு சேதம் என்று கணக்கு நிலையானது. ஆன்லைனில் ஒரு டர்னுக்கு ஒரு நாள் அவகாசம் வைத்து ஆடலாம், பசியாறும் நேரத்தில் ஒரு டர்ன், வேலை முடிந்து ஒரு டர்ன். ஆனால் எல்லா இனங்களும் இலவசம் இல்லை, சிலவற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். வெஸ்நோத்தின் பகல் இரவு விளையாட்டும் அங்கே கிடைக்காது.

நாகரிகம் கட்டும் பெரிய ஆட்டம் பிடிக்கும் என்றால் 'அன்சிவ்' இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஓடும், இலவசம், பழைய கைப்பேசியிலும் மூச்சு வாங்காது. பார்க்கத்தான் ரொம்பச் சாதாரணமாக இருக்கும்.

சரி, வெஸ்நோத்தையே தொடங்குகிறேன். முதல் ஆட்டத்துக்கு ஏதாவது சொல்லுங்கள்.

உள்ளேயே இருக்கும் பயிற்சியை முடித்துவிட்டு வாருங்கள். பிறகு இருவர் ஆடும் சின்ன வரைபடம், லாயலிஸ்ட் படை, 100 பொன். முதல் டர்னிலேயே கிராமங்களை எண்ணி, எந்த ஆள் எந்தக் கிராமத்துக்கு என்று பிரித்து அனுப்புங்கள். கிராமம் ஒவ்வொரு டர்னும் பொன் தரும், வீரர்களின் பராமரிப்புச் செலவில் பங்கு ஏற்கும், உள்ளே நிற்கிறவனுக்கு 8 உயிர்ப்புள்ளி திரும்பத் தரும். அடிபட்டவனைச் சாகும்வரை முன்னே நிறுத்தாமல் பின்னே அனுப்புங்கள். தலைவனைச் சண்டைக்கு இழுத்துப் போகாதீர்கள், அவன் கோட்டைக்குத் திரும்பினால்தான் அடுத்த வீரனைச் சேர்க்க முடியும். இரண்டாவது பகல் வரும்வரை பெரிய தாக்குதல் வேண்டாம். மடிக்கணினியின் சார்ஜரை மறக்காமல் கொண்டு வாருங்கள், எங்களிடம் இருக்கும் நீட்டிப்பு வயரில் மூன்று துளைதான் வேலை செய்கிறது.